துயரம் கேட்பவர்களின் துயரம்

மாலை ஐந்தரை மணி. வேலை முடிந்து மகள் வீடு திரும்புகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். உம்மா கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போகிறது. "என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல உம்மா, தலைவலி" என்று பதில் வருகிறது. இரவு சாப்பிடும்போது சின்ன மகன் அடம்பிடிக்கிறான். வழக்கத்துக்கு மாறாக அவனை அடிக்கக் கை ஓங்குகிறாள். பிறகு அடுப்படியில் தனியாக நின்று அழுகிறாள்.

அவள் பார்ப்பது, குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மையத்தில் ஆலோசகர் வேலை. அன்று பகல் முழுக்க ஒரு பெண்ணின் கதையைக் கேட்டிருக்கிறாள். அதை வீட்டில் சொல்லக்கூடாது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

இது ஏதோ ஒரு வீட்டை மனதில் வைத்து எழுதியது அல்ல. நம் மஹல்லாவிலேயே இப்படிப்பட்ட வேலை செய்பவர்களை எண்ணிப் பார்ப்போம். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கும் சகோதரிகள். 108 ஆம்புலன்ஸில் ஓடும் இளைஞர்கள். விபத்தில் இறந்தவர்களின் மையித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிடுபவர்கள். தலாக், ஜீவனாம்சப் பிரச்சினைகளை ஜமாஅத் அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்பவர்கள். பெண்களின் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள். மாணவியின் கையில் இருக்கும் காயத்தை முதலில் பார்க்கும் ஆசிரியை. ஜகாத் விண்ணப்பம் வந்த வீட்டுக்கு நேரில் போய் விசாரித்து வரும் நம் அறக்கட்டளைத் தொண்டர்கள். இவர்கள் எல்லோரும் மற்றவர்களின் மிக மோசமான நாளை அருகிலிருந்து பார்ப்பவர்கள்.

இந்த இதழின் பாடம் அவர்களைப் பற்றியது. அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழும் நம்மைப் பற்றியதும்கூட.

இதற்கு என்ன பெயர்?

பிறர் துன்பத்தைக் கேட்பதாலும் பார்ப்பதாலும் கேட்பவருக்கே ஏற்படும் பாதிப்பை மனநலத் துறையினர் ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், ஆர்வத்தோடு வந்த தொண்டர்கள் சில காலத்துக்குப் பின் உள்ளே எரிந்து அணைந்ததுபோல் ஆவதைக் கவனித்து 1974-ல் எழுதினார். இது பணிச்சோர்வு. எந்த வேலையிலும் வரக்கூடியது. வேலைப்பளுவைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சீராகும்.

ஆனால் துயரத்தோடு வேலை செய்பவர்களுக்கு வருவது இது மட்டுமல்ல. 1990-ல் லிசா மெக்கேன், லாரி ஆன் பேர்ல்மன் என்ற இரு உளவியலாளர்கள், கொடுமைக்கு ஆளானவர்களிடம் தொடர்ந்து பேசும் ஆலோசகர்களின் உலகப் பார்வையே மெல்ல மாறிவிடுகிறது என்று காட்டினார்கள். 1995-ல் சார்ல்ஸ் ஃபிக்லி தொகுத்த நூல், 'பரிவுக் களைப்பு' என்ற சொல்லைப் பரவலாக்கியது. பரிவு காட்டுவதற்கு நாம் கொடுக்கும் விலை என்று இதைச் சொல்லலாம்.

பணிச்சோர்வு அடைந்தவர் 'என்னால் முடியவில்லை' என்கிறார். பரிவுக் களைப்பு அடைந்தவரோ, தனக்கு நடக்காத ஒன்றைக் கனவில் காண்கிறார். பார்க்காத காட்சி அவர் கண்முன் வருகிறது. நேரில் அனுபவித்தவருக்கு வரும் தூக்கமின்மை, திடுக்கிடல், சில இடங்களைத் தவிர்த்தல் எல்லாம் இவருக்கும் வருகின்றன.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்னும் நோய் வகைப்பாட்டு நூலும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மனித உடல்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களையும், குழந்தைகள் மீதான கொடுமைகளின் விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்க நேரும் காவலர்களையும் அது உதாரணமாகவே குறிப்பிடுகிறது. ஆகவே "உனக்கா நடந்தது? நீ ஏன் இப்படி இருக்கே?" என்ற கேள்வி அறிவுபூர்வமானது அல்ல.

வீட்டில் எப்படித் தெரியும்?

வெளியாட்களுக்கு முன் வீட்டார்தான் இதைக் கவனிக்க முடியும். சில அடையாளங்கள் வெளிப்படையானவை: தூக்கம் கெடுவது, காரணமில்லாத தலைவலி, வயிற்று உபாதை, சட்டென்று வரும் கோபம், விருந்து விசேஷங்களுக்கு வர மறுப்பது.

வேறு சில மாற்றங்கள் 'குணம்' போலத் தோன்றுவதால் நாம் தவறவிடுகிறோம். மெக்கேனும் பேர்ல்மனும் குறிப்பாகச் சொன்னவை பாதுகாப்பு, நம்பிக்கை, நெருக்கம் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்கள். குழந்தைகள் மீதான வன்முறை வழக்குகளைப் பார்க்கும் ஒரு தாய், தன் மகளை டியூஷனுக்கு அனுப்ப மறுக்கிறார். மாமா வீட்டில் இரவு தங்கவும் விடுவதில்லை. வீட்டார் 'சந்தேகப் புத்தி' என்கிறார்கள். விபத்துகளைப் பார்க்கும் ஆம்புலன்ஸ் ஊழியர், தம்பி பைக்கை எடுத்தாலே கத்துகிறார். 'எப்போ பார்த்தாலும் எரிந்து விழுறான்' என்கிறார்கள். கணவன்மார்களின் கொடுமையை மட்டுமே நாள்தோறும் கேட்கும் பெண், தன் கணவர் அன்பாகப் பேசினாலும் அதில் உள்நோக்கம் தேடுகிறார்.

இவற்றைக் குணக்கேடு என்று நினைத்துச் சண்டை போட்டால் வீடு இரண்டுபடும். வேலையிலிருந்து வந்த காயம் என்று புரிந்துகொண்டால் பேச இடம் கிடைக்கும்.

யாருக்கு இது அதிகம் வருகிறது என்பதிலும் ஆய்வுகள் ஓரளவு ஒத்துப்போகின்றன. ஒரே மாதிரியான கொடிய வழக்குகளை அதிகம் பார்ப்பவர்களுக்கும், தங்கள் வாழ்விலும் அதுபோன்ற காயம் பட்டவர்களுக்கும் பாதிப்பு கூடுதல். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று கடற்கரைகளில் உதவிக்கு நின்றவர்களில் பலர், தாங்களும் உறவுகளை இழந்தவர்கள்தான். அவர்களுக்கு மற்றவரின் மையித்தும் தம் வீட்டு மையித்தும் வேறு வேறாகத் தெரிந்திருக்காது.

நாம் செய்த தவறு

2021 மே மாதத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். கொரோனா இரண்டாம் அலை தமிழகத்தில் உச்சத்தில் இருந்த நாட்கள். பல ஊர்களில் முஸ்லிம் தொண்டர்கள் சாதி மதம் பாராமல் இறந்தவர்களை எடுத்து, அவரவர் வழக்கப்படி அடக்கமோ தகனமோ செய்ய உதவினார்கள். பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் நனைந்து, சொந்தப் பிள்ளைகள் தூரத்தில் நின்று கதற, அவர்கள் சார்பில் குழியில் இறக்கினார்கள். நம் அறக்கட்டளையின் இளைஞர்களும் அதில் இருந்தார்கள்.

அலை ஓய்ந்ததும் நாம் பாராட்டு விழா நடத்தினோம். பொன்னாடை போர்த்தினோம். கேடயம் கொடுத்தோம். படம் எடுத்துக்கொண்டோம். அவர்களில் ஒருவரிடமாவது 'ராத்திரி தூங்க முடியுதா தம்பி?' என்று கேட்டோமா? கேட்கவில்லை.

அதன்பின் இரண்டு பேர் தொண்டுக்கு வரவே இல்லை. 'கடையில் வேலை அதிகம் போல', 'கல்யாணம் ஆயிடுச்சுல்ல' என்று நாமே காரணம் சொல்லிக்கொண்டோம். அவர்களில் ஒருவர், பையின் ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டால் இன்றும் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுகிறார் என்பதை, நெடுநாள் கழித்து அவருடைய வீட்டார் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கேடயம் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை அவர் திறந்து பார்ப்பதில்லை.

பாராட்டு தேவைதான். ஆனால் பாராட்டி முடித்துவிட்டால், 'நான் உடைந்திருக்கிறேன்' என்று சொல்ல வாய் வராது. 'வீரர்' என்று மேடையில் சொல்லப்பட்டவர், மறுநாள் எப்படி வந்து அழுவார்?

ரகசியம் வேறு, பாரம் வேறு

உதவிப் பணியில் இருப்பவர்கள் வாய் திறக்காததற்கு முக்கியக் காரணம், அவர்கள் நல்லவர்களாக இருப்பதுதான். கேட்ட விஷயம் அமானிதம். மையித்தைக் குளிப்பாட்டுபவர், உடலில் கண்ட குறையை வெளியே சொல்லக்கூடாது என்பது நமக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லித்தரப்பட்ட ஒழுக்கம். குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் 2012 போக்சோ சட்டமும் 2015 சிறார் நீதிச் சட்டமும் குழந்தையின் அடையாளம் வெளியாவதைத் தடுக்கின்றன. நம்முடையது போன்ற சிறிய ஊரில் பெயர் சொல்ல வேண்டியதே இல்லை. தெருவைச் சொன்னால் வீடு தெரிந்துவிடும். 'மூணு பொம்பளைப் பிள்ளைங்க உள்ள வீடு' என்றாலே போதும். ஒரு பெண்ணின் மானமும், சில நேரம் உயிரும், அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

ஆகவே அவர்கள் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறார்கள். இங்கேதான் இந்தப் பாடத்தின் மையமான செய்தி இருக்கிறது. ரகசியம் உதவி தேடி வந்தவருக்குச் சொந்தமானது. அதைக் கேட்டதால் நெஞ்சில் ஏறிய பாரமோ, கேட்டவருக்குச் சொந்தமானது. முன்னதைச் சொல்லாமலே பின்னதைச் சொல்ல முடியும்.

இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "இன்னைக்கு ஒரு குழந்தை விஷயம் வந்துச்சு. விவரம் சொல்ல முடியாது. மனசு ரொம்பக் கனமா இருக்கு. கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருங்க." இதில் பெயர் இல்லை, தெரு இல்லை, நடந்தது என்ன என்பதும் இல்லை. ஆனால் சொன்னவர் தனியாக இல்லை.

இதைக் கேட்கும் நாம் செய்ய வேண்டியதும் சுலபமே. "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்காமல் இருப்பது. அந்த ஒரு கேள்வி வந்துவிட்டால், அவர் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார். "சரிம்மா, நான் இருக்கேன். சாப்பிட்டியா?" என்றால் போதும்.

விவரமாகப் பேச வேண்டிய தேவையும் வரும். அதற்கு உரிய இடம் வீடு அல்ல. மேற்பார்வையாளர் அல்லது அதே பணியில் உள்ள மூத்தவர். அங்கேயும் ஒரு முறை உண்டு. கனடாவைச் சேர்ந்த மனநல ஆலோசகர் பிரான்ஸ்வாஸ் மாத்யூ வலியுறுத்துவது இது: கொடுமையான விவரத்தைச் சொல்லும் முன் 'ஒரு கனமான விஷயம், இப்ப கேட்க முடியுமா?' என்று அனுமதி கேட்க வேண்டும்; தேவையான அளவு மட்டும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரின் காயம் அடுத்தவருக்கும் பரவும். விபத்துப் படங்களையும் இறந்தவர்களின் முகங்களையும் தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது இந்தத் தவறின் மிக மோசமான வடிவம்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

வீட்டுக்கு வந்ததும் முதல் அரை மணி நேரத்தை அவருக்கு விட்டுவிடுவோம். கரண்ட் பில், மாமியார் போன், பிள்ளையின் மார்க்கு எல்லாம் கொஞ்சம் காத்திருக்கட்டும். குளித்து, உடை மாற்றி, தொழுது, ஒரு வாய் சாப்பிட்டால் வேலை முடிந்தது என்பதை உடலும் ஏற்றுக்கொள்ளும்.

'சபூர் செய்' என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடாதிருப்போம். சபூர் என்பது வாயை அடைப்பது அல்ல. தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்களில் கண்ணீர் வந்ததை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அழுகை ஈமானின் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அதுபோலவே, 'ஆம்பளைக்கு என்ன அழுகை?' என்ற பேச்சையும் நம் வீடுகளிலிருந்து எடுத்துவிடுவோம்.

துயரத்தோடு தொடர்பில்லாத நேரங்களைக் காப்பாற்றிக் கொடுப்போம். செடிக்குத் தண்ணீர் விடுவது, பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போவது, சும்மா சிரிக்கும் பேச்சு. பேர்ல்மனும் கேரன் சாக்விட்னேயும் 1996-ல் எழுதிய பயிற்சி நூலில் மூன்று காப்புகளைச் சொன்னார்கள்: தன் நிலையை அறிந்திருத்தல், வேலைக்கும் வாழ்வுக்கும் சமநிலை, மற்றவர்களோடு தொடர்பு. இந்த மூன்றில் பின்னிரண்டும் பெரும்பாலும் வீட்டார் கையில் இருக்கின்றன.

நிர்வாகம் செய்ய வேண்டியவை

எல்லாவற்றையும் வீட்டின் மீது போட்டுவிட முடியாது. 'உன்னை நீயே பார்த்துக்கோ' என்று சொல்லிவிட்டு, ஒரே ஆளுக்கு எல்லாக் கடினமான வழக்குகளையும் கொடுப்பது நியாயமல்ல. நம் அறக்கட்டளை இனி சில நடைமுறைகளைக் கடைப்பிடிக்க முடிவு செய்திருக்கிறது.

கடினமான வீடுகளுக்கு விசாரிக்கப் போகும்போது இருவராகப் போக வேண்டும். ஜனாஸா பணியிலும் குடும்பப் பிரச்சினைகளைக் கேட்கும் பணியிலும் ஆட்கள் சுழற்சி முறையில் மாற வேண்டும். மாதம் ஒரு முறை தொண்டர்கள் தங்களுக்குள் பேச ஓர் அமர்வு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக. அதில் நிர்வாகிகள் இருக்க மாட்டார்கள். ஏனென்றால் பொறுப்பு கொடுப்பவர் முன்னால் 'என்னால் முடியவில்லை' என்று சொல்வது கடினம். ஓய்வு கேட்பவரிடம் காரணம் கேட்கப்படாது. விரும்பும்போது அவர் திரும்பி வரலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெரிய விபத்து நடந்த உடனே எல்லோரையும் உட்கார வைத்து, பார்த்ததை எல்லாம் ஒரே அமர்வில் கட்டாயமாகச் சொல்ல வைக்கும் பழக்கம் முன்பு பல நாடுகளில் இருந்தது. அது பின்னாளில் வரும் மனக்காயத்தைத் தடுப்பதற்கு ஆதாரம் இல்லை, கட்டாயப்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்று 2002-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. எனவே பேச விரும்புபவர் பேசலாம். விரும்பாதவர் பேசாமல் கூட உட்கார்ந்திருக்கலாம். தண்ணீர், உணவு, தூக்கம், துணை ஆகியவை அந்த நேரத்தில் முதலில் வேண்டியவை.

மருத்துவரிடம் எப்போது?

அடையாளங்கள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். தூக்க மாத்திரையோ வேறு போதையோ பழகத் தொடங்கினால், வேலைக்கோ வீட்டுப் பொறுப்புக்கோ போக முடியாமல் ஆனால், 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு வந்தால் உடனே உதவி தேட வேண்டும். கடைசியாகச் சொன்ன பேச்சு வந்தால் அவரைத் தனியாக விடக்கூடாது.

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருத்துவரிடம் சொல்வதைக் காக்க வேண்டியது அவருடைய கடமை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை நோயாளியின் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்படியானால் என் மகளை இந்த வேலைக்கு அனுப்ப வேண்டாமே' என்று எந்தப் பெற்றோரும் நினைத்துவிடக் கூடாது. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், அரசியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குச் சிகிச்சை தந்த ஆலோசகர்களிடம் ஆய்வாளர்கள் பேசினார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வு ஒரு புதிய உண்மையைச் சொன்னது: காயம் மட்டுமல்ல, மீண்டெழும் வலிமையும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது. எல்லாம் இழந்தவர் மறுபடி எழுந்து நிற்பதைப் பார்க்கும் ஆலோசகர், தன் வாழ்வின் கஷ்டங்களையும் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குகிறார்.

அடி வாங்கி வந்த பெண் ஒரு வருடம் கழித்துத் தையல் மிஷின் வாங்கிய செய்தியோடு வருவாள். அதையும் கேட்பது அதே மகள்தான். அந்தச் செய்தி வரும் நாள் வரை அவள் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்கு அவள் வீடு துணை நிற்க வேண்டும்.

குடும்பமாக உட்கார்ந்து பேச

1. நம் வீட்டில் அல்லது உறவில் பிறர் துயரத்தைக் கேட்கும், பார்க்கும் பணியில் இருப்பவர் யார்? கடைசியாக எப்போது அவருடைய நலனைக் கேட்டோம்?

2. அவர் ஏதாவது சொல்லத் தொடங்கினால், 'யார், எங்கே' என்று கேட்காமல் நம்மால் இருக்க முடியுமா? நம் வீட்டுக்கு வரும் உறவினர்கள் துருவிக் கேட்டால் என்ன சொல்லித் தடுப்போம்?

3. அவர் வேலை முடிந்து வரும் அந்த முதல் அரை மணி நேரத்தில் நம் வீட்டில் எதை மாற்றலாம்?

4. 2021-ல் தொண்டு செய்த யாராவது நம் தெருவில் இருக்கிறார்களா? இந்த வாரம் அவர் வீட்டுக்கு ஒரு முறை போய் வர முடியுமா? பாராட்டுவதற்காக அல்ல, கூட உட்கார்ந்து ஒரு தேநீர் குடிப்பதற்காக.

நான்காவது கேள்விக்கான பதிலை நாமும் தேடத் தொடங்கியிருக்கிறோம். தொண்டுக்கு வருவதை நிறுத்திய அந்த இருவரின் வீடுகளுக்கும் இந்த மாதம் போகிறோம், இன்ஷா அல்லாஹ். கையில் பொன்னாடை எதுவும் இல்லாமல்.